வாழ்த்தாமல் குனிந்தவள்

அத்தியாயம் பன்னிரண்டு

ஸ்லாவா மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியே கிளம்பும் இல்லத்தரசியை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

அன்று புனித நிக்கோலாவின் நாள். ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அவர்தான் காவல். மீதிப் பாதி, அந்த வீடுகளுக்கு விருந்தாளி. குடும்பக் காவல் புனிதரைக் கொண்டாடும் அந்த ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வருவார். வந்தவரைத் திருப்பி அனுப்புவது என்பது எந்த வீட்டிலும் கிடையாது.

தெசாங்கா கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டபோது, அவள் கணவன் ராதோவன், வரும் விருந்தாளிக்கு முதலில் நீட்டும் வேகவைத்த கோதுமைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னிக்குமா வேலை? நீதான் லீவு எழுதிக் கொடுத்திருந்தியே!"

"திரும்ப வாங்கிக்கிட்டேன்."

"பாதிரியார் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னா?"

"சொல்லு. அதுக்கும் ஒரு ஜெபம் வெச்சிருப்பார்."

"விளையாடாத, தெசா. எங்கப்பா இருந்திருந்தா உன்னக் கதவோட சேர்த்துக் கட்டிப் போட்டிருப்பார்."

கதவு என்ற சொல் தெசாங்காவுக்கு வேறொரு கதவை நினைவூட்டியது. மெழுகுவர்த்தியின் முன் சிலுவை வரைந்துகொண்டு, "மீன் கருகாமப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பனியில் இறங்கினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யகோதா சொன்னதைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் சரியில்லை. உயிரோடிருப்பவர்களுக்காக மெழுகுவர்த்தி வைக்கும் மணல் தட்டின் முன்னால் அந்தப் பெண் தடுமாறிக்கொண்டிருந்தாள். மெல்லிய மெழுகுவர்த்தி விரல்களில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. தெசாங்கா அதை வாங்கி நட்டுவைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். அந்தச் சின்ன உதவிக்கே யகோதாவின் கண்கள் உடைந்துவிட்டன.

யகோதா வேலை பார்ப்பது மிலுதின் என்பவரின் காலணி ஆலையில், பசை ஒட்டும் அறையில். அங்கே காற்றை வெளியே தள்ளும் விசிறியை, குளிர் உள்ளே வருகிறதென்று சாக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். மின்சார அடுப்பு பசை டின்களுக்குப் பக்கத்திலேயே எரிகிறது. பெண்கள் வெளியே போய் நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று பின்கதவுக்குச் சங்கிலி போட்டாயிற்று. சங்கிலி தெரியாமலிருக்க, அதன் மேல் புனித நிக்கோலாவின் பெரிய படம் தொங்குகிறது. பசையின் ஆவியை மூச்சில் இழுத்து இழுத்து அவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் விரல்களும் பாதங்களும் மரத்துப் போய்க்கொண்டிருக்கின்றன.

"என் பேரு மட்டும் வெளிய வந்துடக் கூடாதுக்கா. வீட்டுல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான். இந்த ஊர்ல வேற ஆலையும் இல்ல" என்றாள் யகோதா.

தொழில் ஆய்வாளராகச் சேர்ந்த புதிதில், ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கையைத் தெசாங்காவுக்குப் படிப்பித்திருந்தார்கள். பெரும்பகுதி மறந்துவிட்டது. இரண்டு மட்டும் ஜெபம் போல மனத்தில் நின்றன. ஆய்வாளர் எந்த வேலையிடத்துக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் நுழையலாம். புகார் சொன்னது யார் என்பதை அவர் எந்தக் காலத்திலும் வெளியே விடக் கூடாது. புகார் வந்ததால்தான் வந்தேன் என்கிற சாடைகூடக் காட்டக் கூடாது.

முதலாவது, இந்த ஊரில் காகிதத்தோடு சரி. அவள் அலுவலகப் படியிறங்குவதற்குள் மேலதிகாரியின் கைப்பேசி எங்கோ பேசிவிடும். அவள் போய்ச் சேரும்போது ஆலைகளில் தரை கழுவி ஈரமாக இருக்கும்.

ஆனால் இன்று மேலதிகாரி வீட்டிலும் ஸ்லாவா. அவர் வாசலில் நின்று விருந்தாளிகளுக்கு ரக்கியாச் சாராயம் ஊற்றிக்கொண்டிருப்பார். ஸ்லாவா கொண்டாடுகிற வீட்டுக்காரி அந்த நாளில் வேலைக்கு வருவாள் என்று எவரும் கனவு காணமாட்டார்கள். மிலுதினின் ஆலையோ இத்தாலிக்கு அனுப்ப வேண்டிய சரக்கு இருக்கிறதென்று யாருக்கும் லீவு கொடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் நாத்தனார் நெவெங்கா அங்கேதான் பசை அறைக்கு மேஸ்திரி. சொந்தக் குடும்பத்து ஸ்லாவா காலையிலும் அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

நாத்தனார் வேலை பார்க்கும் இடம் என்பதைத் தெசாங்கா எப்போதோ மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. வேறு ஆய்வாளரை அனுப்ப வழியில்லை. இருந்த இன்னொருவர் முழங்கால் அறுவை செய்து படுத்திருந்தார்.

புனிதரே, பாவம் என்றால் என் கணக்கில் வையுங்கள் என்று வேண்டிக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்தாள்.

காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது.

"இன்ஸ்பெக்டரம்மா! உங்க வீட்டுல இன்னிக்கு..."

"ஆமா. கதவைத் திறங்க."

"முதலாளிக்கு ஒரு போன்..."

"உள்ள போய்க்கிட்டே பண்ணலாம். திறங்க."

மிலுதின் கம்பளி மேற்சட்டையோடு ஓடிவந்தார். அகன்ற மனிதர், எப்போதும் சிரித்த முகம். மூச்சு வாங்கியபடியே மூன்று முறை கன்னத்தோடு கன்னம் ஒற்றினார்.

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டம்மா! கோதுமைத் தட்டோட வந்திருந்தீங்கன்னா சந்தோஷப்பட்டிருப்பேன். இப்படி வெறுங்கையோட, அடையாள அட்டையோட..."

"எல்லா அறையும் பார்க்கணும்."

"எல்லாமேவா? எதாவது விசேஷமா?"

"நான் போற இடத்துல எல்லாம் எல்லா அறையும்தான் பார்ப்பேன், மிலுதின்."

பசை அறைக்கு நேரே போகக் கால்கள் பறந்தன. போகவில்லை. தோல் வெட்டும் கூடத்தில் கத்திகளின் காப்புத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தையல் கூடத்தில் நின்றாள், கேட்டாள், குறித்துக்கொண்டாள். கழிப்பறையில் தண்ணீர் திறந்து பார்த்தாள். மிலுதினின் நெற்றிச் சுருக்கம் மெல்ல இளகிக்கொண்டு வந்தது.

பசை அறைக் கதவு திறந்ததும் கண் எரிந்தது. இனிப்பும் கசப்புமாக ஒரு நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. ஜன்னல்களில் கம்பி. நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள்.

நெவெங்கா அண்ணியைப் பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது கோபமா பயமா என்று தெசாங்காவுக்குப் புரியவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? நெவெங்காவே முதலில் வந்து முத்தமிட்டாள்.

"ஸ்லாவா வாழ்த்துகள், அண்ணி."

அது போதும். மேசை மேசையாகப் பெண்கள் எழுந்தார்கள். பசை படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கன்னத்தை மட்டும் நீட்டினார்கள். "வாழ்த்துகள் வீட்டம்மா!" "நூறு வருஷம் மெழுகுவர்த்தி எரியணும்!" "எங்க பங்கு மீனை வெச்சிடுங்க, சாயங்காலம் வரோம்!" அந்த நாற்றத்துக்கு நடுவே சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

ஒருத்தி மட்டும் எழவில்லை.

கடைசி மேசையில் யகோதா குனிந்தபடி ஒரு காலணி அடிப்பகுதியில் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டிய இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் ஓட்டினாள். தெசாங்காவைத் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்கிறாளாம்!

ஐயோ, பெண்ணே! தெசாங்காவின் உள்ளம் கதறியது. இந்த ஊரில் ஸ்லாவா வீட்டுக்காரியை முன்பின் தெரியாதவன்கூடத் தெருவில் நிறுத்தி வாழ்த்துவான். வாழ்த்துக்குக் காசா பணமா? அதைச் சொல்லாமல் விடுவதென்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று பகை. மற்றது ரகசியம்.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். மிலுதின் யகோதாவின் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அதில் சேரவில்லை.

இனித் தாமதிப்பதில் பயனில்லை. பின்சுவரில் புனித நிக்கோலா வெள்ளைத் தாடியோடு பார்த்துக்கொண்டிருந்தார். புனிதரின் நாளில் அவர் படத்தை நோக்கி நடப்பதை யார் கேள்வி கேட்க முடியும்? தெசாங்கா போனாள். சிலுவை வரைந்தாள். குனிந்து சட்டத்தின் ஓரத்தில் முத்தமிட்டாள். பிறகு இரண்டு கைகளாலும் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

படம் இருந்த இடத்தில் ஒரு கதவு. கைப்பிடியில் மூன்று சுற்றுச் சங்கிலி. அதில் பூட்டு.

"சாவி?" என்றாள்.

"அது... ராத்திரி திருடனுக்காகப் போட்டது. காலையில எடுக்க மறந்திருப்பாங்க. நெவெங்கா, சாவி எங்க?"

நெவெங்கா மிலுதினின் இடுப்பில் தொங்கிய சாவி வளையத்தையே பார்த்தாள். எல்லாப் பெண்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

அவர் பூட்டைத் திறந்தார். கதவு முனகிக்கொண்டு விலகியதும் பனிக்காற்று ஒரு பெரிய மிருகம் போல உள்ளே பாய்ந்தது. யாரோ ஒருத்தி சத்தமாக மூச்சை இழுத்தாள். இன்னொருத்தி வேலை அங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தெசாங்கா மின்சார அடுப்பை அணைத்தாள். விசிறியில் திணித்திருந்த சாக்கை இழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: "உயிருக்கு ஆபத்து. இந்த அறையில இந்த நிமிஷத்துலேருந்து வேலை நிற்குது. கதவு, விசிறி ரெண்டும் சரியாகி நான் திரும்ப வந்து பார்க்குற வரைக்கும் யாரும் உள்ள வரக் கூடாது. எல்லாரும் டாக்டர்கிட்ட காட்டணும், ஆலை செலவுல. நிக்குற நாளுக்கும் சம்பளம் உண்டு."

மிலுதின் அவள் எழுதிக் கொடுத்த உத்தரவை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"படத்தை முத்தமிடத்தானே போனீங்க?" என்றார் மென்மையாக.

"இன்னிக்கு எங்க புனிதரோட நாள்."

"ஆமாமா. புனிதர்தான் காட்டிக் கொடுத்தார்." சிரித்தார். "புனிதர்கள் பேச மாட்டாங்கன்னுல்ல நான் நினைச்சிருந்தேன்!"

அவர் பார்வை மறுபடி கடைசி மேசைக்குப் போய் வந்தது.

*

பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. ராதோவன் வழக்கப்படி உட்காராமல் நின்றே பரிமாறிக்கொண்டிருந்தான். விருந்தாளிகள் கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டு, சிலுவை வரைந்து, மீனுக்கும் அவித்த பயறுக்கும் உட்கார்ந்தார்கள்.

நெவெங்கா வந்ததும் நேரே சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அண்ணி? நான் என்ன வேத்தாளா?"

"சொல்ல முடியாது நெவெங்கா. உனக்கில்ல, யாருக்கும்."

"அத்தனை பேர் முன்னாடியும் என்கிட்ட சாவி கேக்குறாரு! பொறுப்பு மேஸ்திரியுதாம்! பூட்டினது அவர், மாட்டிக்கிறது நான்." மூக்கை உறிஞ்சினாள். "உங்ககிட்ட சொன்னது யாரு?"

தெசாங்கா, யாரும் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. தட்டில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, சொல்லாதீங்க. எனக்குத் தெரியவும் வேணாம். ஆனா அவருக்குத் தெரியணுமாம். வாசல்ல நிறுத்திக் கேட்டாரு: 'அந்தக் கடைசி மேசைக்காரி உங்கண்ணிக்கு ஏன் வாழ்த்துச் சொல்லல?'ன்னு."

தெசாங்காவின் கையிலிருந்த கரண்டி தட்டில் இடித்தது. நெவெங்கா அதைக் கவனித்தாள். நிறைய நேரம் கவனித்தாள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"இலை உதிர ஆரம்பிச்சதிலேருந்து யகோதாவோட கோட்டுக்குப் பட்டன் போட்டு விடுறது நான்தான், அண்ணி. அவளால முடியாது. தினமும் போட்டு விட்டேன். ஆனா ஒரு நாள்கூட வாயத் திறக்கல. பட்டன் போட்டா போதும்னு நினைச்சுக்கிட்டேன்."

தெசாங்கா ஈரக் கையோடு அவள் கன்னத்தைத் தொட்டாள். சின்னக் கருணைகளை ஆண்டவர் வீணாக்குவதில்லை என்பது அவள் நம்பிக்கை. ஒரு பட்டன் போடுகிற விரல், நாளைக்கு ஒரு கதவையும் திறக்கும். அதற்கு நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்போது கூடத்தில் திடீரென்று பேச்சு அடங்கியது.

மிலுதின் வந்திருந்தார்.

கையில் பெரிய சாக்லேட் பெட்டி, விலையுயர்ந்த ஒயின். தலையிலிருந்து உரோமத் தொப்பியை எடுத்து, மெழுகுவர்த்திக்கு முன் நீளமாகச் சிலுவை வரைந்தார். ராதோவன் மனைவியைப் பார்த்தான். மனைவி கோதுமைத் தட்டைப் பார்த்தாள். இன்று வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் விருந்தாளி. காலையில் அவள் அழைப்பில்லாமல் அவர் வாசலுக்குப் போனாள். மாலையில் அவர் அழைப்பில்லாமல் இங்கே வந்திருக்கிறார்.

சாக்லேட்டையும் ஒயினையும் தெசாங்கா வாங்கி, அந்த இடத்திலேயே பிரித்து, அறையிலிருந்த எல்லாருக்கும் நடுவே வைத்தாள். பிறகு கோதுமைத் தட்டை நீட்டினாள்.

"உள்ள வாங்க."

அவர் ஒரு கரண்டி எடுத்தார், நிதானமாக மென்றார். "வால்நட் தாராளமா போட்டிருக்கீங்க. கை தாராளம்." மெழுகுவர்த்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை வேற, ஸ்லாவா வேற. எனக்கு உங்க மேல வருத்தமே இல்ல, இன்ஸ்பெக்டரம்மா. தப்புன்னா தப்பு. கதவைச் சரி பண்ணிடலாம்."

"நல்லது."

"மனசுக்குத்தான் கஷ்டமா இருக்கு. நம்ம கூடவே சாப்பிடுற ஒருத்தி, நம்மளப் பத்தி வெளிய போய்..." நாக்கைச் சப்புக்கொட்டினார். "நெவெங்கா, நீ சொல்லு. ஊரே எழுந்து வாழ்த்துது. ஒருத்தி மட்டும் தலை தூக்கல. உங்கண்ணி முகத்தைப் பார்க்க அவளுக்கு ஏன் பயம்?"

யாரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். தெசாங்கா பேசினால் அதுவே சாடை. பேசாமலிருந்தாலும் அதுவே சாடை.

நெவெங்கா சத்தமாகச் சிரித்தாள்.

"யாரு, யகோதாவா? அட, அதப் போய் இவ்ளோ யோசிக்கிறீங்களே முதலாளி! அவளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. போன மாசம் அவ ஒட்டின சரக்கு அத்தனையும் பிரிஞ்சு வந்துச்சு. நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். எங்க குடும்பத்து மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கா. எங்க அண்ணிக்கு வாழ்த்துச் சொல்வாளா?"

"அப்படியா?"

"இந்த வீட்டுப் படிய அவ மிதிக்க மாட்டா. வேணும்னா எழுதி வெச்சுக்குங்க."

மெழுகுவர்த்தி எரியும்போது சொன்ன பொய். தெசாங்கா கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். கருணையால் சொன்ன பொய்யைப் புனிதர் எந்தத் தட்டில் வைப்பார்? அவளுக்குத் தெரியவில்லை. மன்னிக்கும்படி மட்டும் வேண்டிக்கொண்டாள்.

மிலுதின் மெல்லத் தலையாட்டினார். நெற்றி இளகியது. "பொம்பளைங்க சண்டையா! நான் வேற என்னவோ..." என்று கோப்பையை உயர்த்தினார். ராதோவன் பெருமூச்சுவிட்டு ஒயின் ஊற்றினான். கூடத்தில் பேச்சு திரும்பிவந்தது.

வாசல் கதவு திறந்தது. மெழுகுவர்த்திச் சுடர் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

தலையில் பனி உதிர, கோட்டின் பட்டன்கள் எதுவும் போடப்படாமல், யகோதா நின்றிருந்தாள். இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவே ஒரு காப்பிப் பொட்டலத்தை அணைத்துப் பிடித்திருந்தாள். குளிரில் விறைத்த முகத்தில் குற்ற உணர்ச்சி கலந்த ஒரு சிரிப்பு.

"ஸ்லாவா வாழ்த்துகள், தெசாங்கா அக்கா. காலையில சொல்லாம விட்டுட்டேன். நாள் முழுக்க மனசு கேக்கல. புனிதர் என்ன நினைப்பாருன்னு..."

அப்போதுதான் அவள் மெழுகுவர்த்தியின் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே உறைந்தது.

நெவெங்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து போனாள். அவளைக் கட்டிக்கொண்டு, "வந்துட்டியா! என்ன மன்னிச்சிட்டியா? நல்ல நாளும் அதுவுமா நாம சண்டைய மறந்துடலாம், யகோதா!" என்று கன்னத்தில் முத்தமிட்டாள். ஒருமுறை, இரண்டுமுறை. முதுகை அழுத்தினாள், பலமாக.

யகோதா குழம்பிப்போய் அவளைப் பார்த்தாள். பசைக் காற்றில் நாளெல்லாம் மூச்சுவிட்டுக் களைத்த பெண். எப்போதுமே பொய் சொல்லத் தெரியாதவள்.

"நமக்குள்ள என்னக்கா சண்டை?" என்றாள். "நீங்கதானே எனக்குத் தினமும் பட்டன் போட்டு விடுறீங்க."

காப்பிப் பொட்டலம் அவள் மணிக்கட்டுகளுக்கு நடுவிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. மறுபடி முயன்றாள். அறையிலிருந்த அத்தனை பேரும் அந்த விரல்களைப் பார்த்தார்கள்.

மிலுதின் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். எழுந்தார். வந்து, குனிந்து, பொட்டலத்தை எடுத்து ராதோவனிடம் கொடுத்தார். தன் நாற்காலியை இழுத்து யகோதாவின் பக்கம் திருப்பினார்.

"உட்காரும்மா, யகோதா" என்றார், மிகவும் அன்பாக. "கையெல்லாம் இப்படி ஆயிருக்கே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? யார் யார்கிட்டயோ போய்ச் சொல்ற."

இன்று இந்த வீட்டில் யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது, அவரையும்தான். தெசாங்கா கோதுமைத் தட்டை எடுத்தாள். யகோதாவுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றாள். ஒரு கரண்டி அள்ளி, யகோதாவின் வாயருகே தானே கொண்டுபோனாள்.

யகோதா வாயைத் திறந்தாள். மிலுதின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, புறப்படாமல், பார்த்தபடி நின்றார்.